ஒளியில் ஏறிவரும் வானொலி



இந்த மேசையின் மேல் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் ஜோடி, அரங்கின் பின்சுவரில் ஜன்னல் திண்டின் மேல் இருக்கிறது. அங்கே ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டோம். பாட்டு உங்கள் காதுக்கு வருவது இந்த மேசையிலிருந்து. இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது, புளூடூத்தும் கிடையாது. உங்கள் தலைக்கு மேலே, யார் கண்ணிலும் படாத உயரத்தில், ஒரு சிவப்புக் கதிர் போகிறது. இதோ, ஒரு சீப்பை அந்தக் கதிரின் குறுக்கே மெல்ல இழுக்கிறேன். கேட்டீர்களா? ஒவ்வொரு பல்லுக்கும் பாட்டில் ஒரு வெட்டு விழுகிறது. கையை வைத்து மறைத்தால் பாட்டு நின்றுபோகிறது.

இதைக் காட்டும் இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் வரும். “ரேடியோ ஏற்கெனவே காற்றில்தானே வருகிறது? அதைப் பிடித்து மறுபடியும் வெளிச்சத்தில் ஏற்றி அனுப்புவானேன்?” நியாயமான கேள்வி. இன்றைய என் பேச்சு அதற்கான பதில்தான்.

சிற்றலை வானொலி செத்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். பி.பி.சி. தமிழோசை 2017-இல் நின்றது. வேறு பல நிலையங்களும் சிற்றலையை விட்டு விலகிவிட்டன. இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பழைய ரேடியோவை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுப் பார்ப்பவர் காதில் விழுவது வெறும் ‘கொர்ர்’ என்ற சத்தம். நிலையம் இல்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுகிறார். அந்தச் சத்தம் வானத்திலிருந்து வரவில்லை, அவர் வீட்டிலிருந்தே வருகிறது. செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, டி.வி., இன்வெர்ட்டர், மாடியில் இருக்கும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் என்று இன்றைக்கு வீட்டில் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எல்லாக் கருவிக்குள்ளும் ஒரு சின்ன ஸ்விட்ச் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை மூடித் திறக்கிறது. அந்த வேகத்தின் மடங்குகள் அடுக்கடுக்காக ஏறி மத்திய அலையையும் சிற்றலையையும் நிரப்பிவிடுகின்றன. ஒரு தடவை வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பேட்டரி ரேடியோவில் இரவு எட்டு மணிக்குச் சிற்றலையைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை நாட்டுக் குரல்கள் இன்னும் இருக்கின்றன என்று தெரியும்.

அதற்காக வாழ்நாள் முழுக்க மெயின் ஸ்விட்சை அணைத்து வைக்க முடியாது. ஏரியலை வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்துக் கோடியிலோ அடுத்த மாடியிலோ கட்டலாம். அங்கிருந்து கோஆக்ஸியல் கேபிள் இழுத்து வரலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். செய்த பிறகும் இரைச்சல் போகவில்லையே என்று தவிக்கிறார்கள். கேபிளின் உள்ளே வரும் சிக்னல் சுத்தமாகத்தான் வருகிறது. ஆனால் அதன் வெளிப்புறப் பின்னல், வீட்டின் மின்கம்பிகளோடும் எர்த்தோடும் ஏதோ ஒரு வழியில் சேர்ந்துவிடுகிறது. கூரையிலிருந்து இறங்கும் குழாய்க்கு உள்ளே ஓடும் நீர் ஒன்று, வெளிப்புறத்தில் வழியும் மழைநீர் ஒன்று என்று இருக்கும் அல்லவா, அப்படி அந்தப் பின்னலின் வெளிப்பக்கத்தில் வீட்டு இரைச்சல் ஏரியல் வரைக்கும் ஏறிப் போகிறது. ஏரியல் அதையும் சேர்த்தே பிடித்து, உள்வழியாகத் திருப்பி அனுப்புகிறது. கேபிள்மேல் ஃபெரைட் வளையங்களை மாட்டினால் குறையும். ஆனால் முழுதாக நிற்பது அரிது. இடி மின்னல் காலத்தில் அந்தக் கேபிளே ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடும்.

ஒளிக்கதிரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கதிரில் எலெக்ட்ரான் ஓடுவதில்லை. எர்த்தும் இல்லை, பின்னலும் இல்லை. ஏரியல் பக்கம் ஒரு தனித்தீவு, ரிசீவர் பக்கம் இன்னொன்று. நடுவில் செய்தி மட்டும் போகிறது, மின்சாரம் போவதில்லை. லேசர் என்றதும் எல்லாரும் தொலைவைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது இந்தத் துண்டிப்புதான். ஐம்பது மீட்டர் தூரம்கூட வேண்டாம். இருபது மீட்டர் போதும், சத்தம் நிறைந்த வீட்டில் உட்கார்ந்து அமைதியான ஏரியலைக் கேட்கலாம்.

இந்த எண்ணம் லேசருக்கு முந்தையது, ரேடியோவுக்கே முந்தையது. 1880-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் சம்னர் டெயின்டரும் வாஷிங்டன் நகரில் ஒரு கருவி செய்தார்கள். மெல்லிய கண்ணாடி ஒன்றின் பின்னால் நின்று பேசினால் கண்ணாடி அதிரும். ஒரு கணம் குவியும், மறுகணம் குழியும். அதன்மேல் விழும் சூரிய ஒளி அதற்கேற்பக் குவிந்தும் விரிந்தும் போகும். எதிர்முனையில் வளைந்த ஆடி அந்த ஒளியைத் திரட்டி, செலினியம் துண்டின்மேல் விழச் செய்யும். வெளிச்சம் பட்டால் செலினியத்தின் மின்தடை மாறுகிறது என்பதை 1873-இல் வில்லோபி ஸ்மித் கவனித்துச் சொல்லியிருந்தார். அந்தச் செலினியத்தோடு ஒரு பேட்டரியையும் டெலிபோன் காதுக்குழலையும் சேர்த்தால் பேச்சு கேட்கும். ஃபிராங்க்ளின் பள்ளியின் மாடியிலிருந்து பெல்லின் ஆய்வகத்து ஜன்னல் வரை, 213 மீட்டர் தூரம், மனிதக் குரல் சூரிய ஒளியில் போனது. ஹெர்ட்ஸ் வானொலி அலைகளை ஆய்வகத்தில் காட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்தது இது. தாம் கண்டுபிடித்தவற்றிலேயே மிகச் சிறந்தது இந்தப் போட்டோஃபோன்தான், டெலிபோன் அல்ல என்று பெல் கடைசிவரை நம்பினார். மேகம் மறைத்தால் பேச்சு நின்றுபோகும் என்பதால் உலகம் அதை ஓரமாக வைத்துவிட்டது. நம் ஜகதீச சந்திர போஸ் பின்னாளில் கலீனாப் படிகம் கொண்டு செய்த உணர்கருவி வானொலி அலைக்கும் அசைந்தது, ஒளிக்கும் அசைந்தது. அதற்கு அமெரிக்கக் காப்புரிமை 1904-இல் கிடைத்தது. வானொலியையும் ஒளியையும் இரண்டு தனித்தனி வீடுகளாக அந்தத் தலைமுறை பார்க்கவே இல்லை.

இனி பெட்டிக்குள் போவோம்.

கடையில் கிடைக்கும் சிவப்பு லேசர் சுட்டியில் 650 நானோமீட்டர் ஒளி தரும் லேசர் டயோடு இருக்கிறது. இதற்கு ஒரு சுபாவம் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக மின்னோட்டத்தைக் கூட்டினால் முதலில் சாதாரண எல்.இ.டி. மாதிரி மங்கலாகத்தான் எரியும். சுமார் 20 மில்லி ஆம்பியர் வந்ததும் சட்டென்று விழித்துக்கொள்ளும். அந்த வாசலைத் தாண்டியபின் மின்னோட்டம் எவ்வளவு ஏறுகிறதோ அதே விகிதத்தில் ஒளியும் ஏறும். நமக்கு வேண்டியது அந்த நேர்கோடுதான். ஆகவே டயோடை முதலில் நேர்கோட்டின் நடுவில், 25 அல்லது 30 மில்லி ஆம்பியரில், நிறுத்திவைக்கிறோம். அதன்மேல் சிக்னலை ஏற்றுகிறோம். சிக்னல் மேலே போனால் ஒளி கூடும், கீழே போனால் குறையும். வாசலுக்குக் கீழே இறங்கவிட்டால் பாட்டு கிழியும். மேலே அளவு மீறினால் டயோடு செத்துப்போகும், சத்தமில்லாமல், ஒரே கணத்தில். இந்தச் சின்ன உயிர் அவ்வளவு மென்மையானது. நிலையான மின்னோட்டம் ஒரு கம்பிச்சுருள் வழியாக, அதாவது சோக் வழியாக வரும். சிக்னல் ஒரு கெப்பாசிட்டர் வழியாக வரும். சோக் சிக்னலை பேட்டரிப் பக்கம் ஓடவிடாது, கெப்பாசிட்டர் மின்னோட்டத்தை ரேடியோப் பக்கம் ஓடவிடாது. லேசருக்கு வேண்டிய சுற்று ஏறக்குறைய இதுதான்.

எந்த சிக்னலை ஏற்றுவது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. இப்போது நீங்கள் கேட்பது எளிமையான வழி: ரேடியோவின் காதுக்குழல் துளையிலிருந்து வரும் ஒலியை அப்படியே ஏற்றியிருக்கிறோம். இதில் ஒரு குறை. நிலையத்தை மாற்ற வேண்டுமானால் ஒருவர் பின்சுவருக்கு நடக்க வேண்டும். அடுத்த படி, ரேடியோவுக்குள்ளே இருக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலையை எடுத்து அனுப்புவது. ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலையை இந்தப் பக்கம் நாம் செய்துகொள்ளலாம். ஆனாலும் நிலையம் அங்கேதான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மூன்றாவது வழிதான் என் மனதுக்குப் பிடித்தது. அங்கே ரேடியோவே வேண்டாம். ஏரியல், ஓர் ஆம்ப்ளிஃபையர், லேசர், பேட்டரி, அவ்வளவே. ஏரியல் பிடித்த அத்தனையும், மத்திய அலையிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை வரை, ஒரே கதிரில் ஒன்றாக ஏறி வரும். இந்தப் பக்கம் வந்ததும் எந்த ரிசீவரிலும் எந்த நிலையத்தையும் திருப்பிக் கேட்கலாம். நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே சிவப்புப் புள்ளியில் நடுங்கிக்கொண்டிருக்கும். பார்க்கும் கண்ணுக்கு அது அசையாத ஒரு புள்ளி.

வாங்கும் பக்கத்தில் போட்டோடயோடு. பி.பி.டபிள்யூ. 34 என்ற எண்ணுள்ள சின்னச் சதுரம் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். ஒளி உணரும் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர். ஒரு மில்லிவாட் சிவப்பு ஒளி முழுதாக விழுந்தால் சுமார் 0.4 மில்லி ஆம்பியர் தரும். ஒலியை மட்டும் கேட்பதென்றால் தோட்டத்து விளக்கில் இருக்கும் சோலார் தகடே போதும். அதை ஆம்ப்ளிஃபையரில் இணைத்து டியூப்லைட்டின் கீழே பிடித்துப் பாருங்கள், ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதால் நம் காதில் விழுவது 100. டி.வி. ரிமோட்டை அதன்மேல் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், ‘டுர்ர்’ என்று அதன் குறியீடு கேட்கும். நம்மைச் சுற்றிலும் வெளிச்சம் இப்படித் துடித்துக்கொண்டே இருப்பதைப் பிள்ளைகள் முதல் தடவை காதால் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் சோலார் தகடு பெரியது, அதனாலேயே மந்தமானது. பரப்பு கூடக்கூட அதன் கெப்பாசிட்டன்ஸ் கூடும், வேகம் குறையும். மெகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் சின்ன டயோடுதான், அதுவும் எதிர்த்திசையில் சில வோல்ட் கொடுத்து இறுக்கிவைக்க வேண்டும்.

அந்தச் சின்னப் பரப்பின்மேல் கதிரைக் குவிப்பது பொறுமை கேட்கும் வேலை. சாதாரணச் சுட்டியின் கதிர் நூறு மீட்டரில் சுமார் ஒரு சாண் அளவுக்குள் விரியும். உள்ளங்கை அகலப் பூதக்கண்ணாடி ஒன்றால் அதைத் திரட்டலாம். புத்தகக் கடையில் கிடைக்கும் தட்டையான பிளாஸ்டிக் உருப்பெருக்கியும் நன்றாக வேலை செய்யும். உட்புறம் கறுப்புத்தாள் ஒட்டிய பி.வி.சி. குழாயின் அடியில் டயோடை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டப்பகலில் வேலை நடக்காது. நேர்வெயில் விழுந்தால் அந்த 7.5 சதுர மில்லிமீட்டரில் மட்டும் ஏழு மில்லிவாட்டுக்கு மேல் வெளிச்சம் சேரும். நம் லேசரைவிட அது அதிகம்.

தூரம் கூடும்போது இழப்பு எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். வந்து சேரும் ஒளி பாதியானால் டயோடு தரும் மின்னோட்டமும் பாதியாகும். சிக்னலின் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கம் என்பதால் அது நாலில் ஒன்றாகும். ஒளியில் மூன்று டெசிபல் போனால் சிக்னலில் ஆறு டெசிபல் போகும். அதனால் ஏரியல் முனையில் நல்ல, இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர் கட்டாயம் வேண்டும். பலவீனமான சிக்னலை லேசரில் ஏற்றினால், லேசர் தானாகவே போடும் சலசலப்பில் அது மூழ்கிவிடும். தன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தன்மீதே திரும்பி விழுந்தால் லேசரின் சலசலப்பு இன்னும் கூடும். எதிரே இருக்கும் லென்ஸை ஒரு மயிரிழை சாய்த்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

“இத்தனை பாடு எதற்கு, எண்களாக மாற்றி அனுப்பிவிடலாமே” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். எனப்படும் மலிவான டாங்கிள் உங்களில் பலரிடம் இருக்கும். டி.வி. பார்ப்பதற்காக வந்த அந்தத் துண்டு, 2012 வாக்கில் உலகமெங்கும் ஆர்வலர்களின் கையில் ரேடியோவாக மாறியது. அது வினாடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுக்கும். ஒவ்வொன்றும் எட்டு பிட் கொண்ட இரண்டு எண்கள். பெருக்கினால் வினாடிக்கு 384 லட்சம் பிட். செக் நாட்டில் ‘ரோன்யா’ என்று ஓர் அருமையான திட்டம் நடந்தது. புகைபோக்கிக் குழாய்களையும் லென்ஸையும் எல்.இ.டி.யையும் கொண்டு யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துகொள்ளும்படி, வரைபடங்களைத் திறந்துவைத்துக் கொடுத்தார்கள். 1.4 கிலோமீட்டர் வரை கணினிகளை இணைத்தது. அதன் வேகம் வினாடிக்கு 100 லட்சம் பிட். நம் டாங்கிளின் முழு வெள்ளத்தையும் அதனால் சுமக்க முடியாது. மாற்றிக் குறுக்கி அனுப்பலாம்தான். ஆனால் அதற்கு அந்த முனையில் ஒரு கணினி வேண்டும். அதுவே மீண்டும் இரைச்சல் போடும். அமைதியைத் தேடிப் போன இடத்தில் சத்தத்தைக் குடிவைப்பானேன்?

ஏரியல் பிடித்ததை எண்ணாக மாற்றாமல் அப்படியே ஒளியில் ஏற்றுவது பொழுதுபோக்குக்காரரின் விளையாட்டு மட்டும் அல்ல. பல ஆண்டுகளாக உங்கள் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்ததே அப்படித்தான். கட்டுப்பாட்டு அறையில் அத்தனை சேனல்களும் ஒரே லேசரில் ஏறும், கம்பத்தில் தொங்கும் ‘நோட்’ பெட்டியில் மீண்டும் மின் சிக்னலாக இறங்கும், அங்கிருந்து கோஆக்ஸியல் கேபிள் வீட்டுக்கு வரும். இன்னும் பெரிய இடம் புனே மாவட்டத்து நாராயண்காவ் அருகே இருக்கிறது. ஊட்டியில் 1970-இல் வானொலித் தொலைநோக்கியைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப், பிறகு அங்கே 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்களை 25 கிலோமீட்டர் பரப்பில் நிறுத்தினார். கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் முனகலை அந்தக் கிண்ணங்கள் பிடிக்கின்றன. அது ஒளியிழை வழியாகத்தான் மையக் கட்டடத்துக்கு வருகிறது. ஒளியிழை என்பது குழாய்க்குள் அடைத்த கதிர்தானே!

திறந்த வெளியில் கதிரை அனுப்புவதும் உயிரோடுதான் இருக்கிறது. காங்கோ ஆற்றின் இரு கரைகளில் கின்ஷாசா, பிராசவில் என்று இரண்டு தலைநகரங்கள். எதிரெதிரே இருந்தும், ஆற்றின் ஆழமும் வேகமும் காரணமாகக் கேபிள் போடுவது கடினம். 2021-இல் 4.8 கிலோமீட்டர் அகலத்தை ஓர் ஒளிக்கதிர் தாண்டி இணைய இணைப்பைக் கொடுத்தது. ‘தாரா’ என்ற அந்தத் திட்டத்தை நடத்துபவர் சென்னையில் வளர்ந்த மகேஷ் கிருஷ்ணசாமி. வானொலி அமெச்சூர்களின் சாதனை அதைவிட நீளமானது. 1963-இலேயே கலிபோர்னியாவில் ஹீலியம்-நியான் லேசரில் 190 கிலோமீட்டர் தூரம் குரல் அனுப்பினார்கள். 2007-இல் யூட்டா மாநிலத்தில் இரண்டு மலையுச்சிகளுக்கு நடுவே 278 கிலோமீட்டர். அதில் பயன்பட்டது லேசர் அல்ல, எல்.இ.டி.! நெடுந்தொலைவில் காற்று கொதிக்கும். மெல்லிய லேசர் கதிர் அதில் நட்சத்திரம் போல் மின்னித் துடிக்கும். அகலமான லென்ஸ் வழியாகப் போகும் எல்.இ.டி. ஒளி பல பாதைகளில் பரவிப் போவதால் துடிப்பு சராசரியாகி அடங்கிவிடுகிறது. நம் ஊர் மொட்டை மாடியிலும் நடுப்பகலில் அந்தத் துடிப்பைக் காணலாம். மாலையானால் கதிர் அமைதியாகும். மழை அவ்வளவாகத் தடுக்காது. மூடுபனிதான் எதிரி, அதன் துளிகள் மிக நுண்ணியவை, எண்ணிக்கையில் மிக அதிகம், ஒளியைச் சிதறடித்துவிடும்.

இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பன்னாட்டு விதிகளின்படி 3000 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதுதான் வானொலி அலை. ஒளி அந்தக் கணக்குக்கு வெளியே. ஆகவே அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கல் இதில் இல்லை. அதனாலேயே பொறுப்பு முழுதும் நம்முடையது. ஐந்து மில்லிவாட்டுக்கு மேல் போகாதீர்கள். கடைச் சுட்டியின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், உள்ளே அதைவிட அதிகம் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை வீட்டில் தொடவே வேண்டாம், ஏனென்றால் அதன்முன் கண் இமைக்காது. கதிர் மனிதர்கள் நடமாடும் உயரத்தில் போகக்கூடாது, சாலையைத் தாண்டக்கூடாது, முடியும் இடத்தில் சுவரோ பலகையோ இருக்க வேண்டும், வானத்தை நோக்கி ஒருபோதும் திருப்பக்கூடாது.

முன்வரிசையில் பாலிடெக்னிக் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். நம் கடைத்தெருவில் கிடைக்கும் மலிவு லேசர் டயோடுகளில் எது நேர்கோட்டில் நடக்கிறது, எது கோணுகிறது என்று தமிழில் எழுதிவைத்த பட்டியல் எதுவும் என் கண்ணில் படவில்லை. செய்வது கடினம் அல்ல. 5 மெகாஹெர்ட்ஸிலும் 5.1 மெகாஹெர்ட்ஸிலும் சம அளவு இரண்டு சிக்னல்களை ஒன்றாக ஏற்றுங்கள். மறுமுனையில் 4.9-இலும் 5.2-இலும் ஏதாவது முளைக்கிறதா என்று டாங்கிளில் பாருங்கள். அந்த டாங்கிள் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே தானாக இறங்காது; ஓர் அலைமாற்றிப் பலகை சேர்க்க வேண்டும். 4.9-இலும் 5.2-இலும் முளைக்கும் போலிச் சிக்னல்கள் எவ்வளவு உயரம் என்பதுதான் அந்த டயோடின் குணச்சான்று. நிறுத்தும் மின்னோட்டத்தை 25-இலிருந்து ஒவ்வொரு மில்லி ஆம்பியராக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறையில் இருக்கும் எண்ணையும், வாங்கிய விலையையும், அறையின் வெப்பத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அளந்து கொண்டுவந்தால், அடுத்த கூட்டத்தில் இந்த மேசையில் நின்று பேச வேண்டியவர்கள் நீங்கள்தான். அமைப்பாளர்களிடம் இதைச் சொல்லிவிட்டேன், அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள்.